பிள்ளையாருக்கு நேர்ந்த கை

என் மகளின் கையை நான் ஒரு நாள் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கு விளங்கியிருக்காது. அப்போது அவளுக்கு நாலு வயது. காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள்.

சண்டையால் பரந்தனை விட்டு இடம்பெயர்ந்து, அக்கராயன் பக்கம் ஒரு சின்னக் குளத்தடியில் பிளாஸ்டிக் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்த காலம் அது. மாரி மழை. தறப்பாளுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு முதலில் மூக்கு ஒழுகியது, பிறகு இருமல், பிறகு காய்ச்சல். மூன்றாம் நாள் அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய் வந்தது. பனடோலைத் தவிர வேறு மருந்து கையில் இல்லை. டொக்டரிடம் கொண்டு போக வண்டியும் இல்லை.

குளக்கட்டில் ஒரு மருதமரத்தின் கீழ் யாரோ ஒரு கல்லை நிறுத்தி, அதைப் பிள்ளையார் என்று கும்பிட்டு வந்தார்கள். மழைக்குள் அங்கே போய் நின்றேன். கற்பூரமும் நனைந்துபோயிருந்தது. வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்பனே, இவளை விட்டிடு. இவளின்ரை கை மச்சம் தொடாது. படிச்சு ஆளாகி, அந்தக் கையாலையே வந்து உனக்குப் பொங்கல் பானைக்குள்ளை அரிசி போடுவாள்."

மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் மச்சம் என்போம். நாங்கள் ஒன்றும் பரம்பரைச் சைவச் சாப்பாட்டுக்காரர் இல்லை. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர மற்ற நாட்களில் மீன் தின்கிற ஆட்கள்தான். ஆனாலும் அந்த நேரத்தில் கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது? காணி எங்கோ கிடந்தது. நகை எப்போதோ போய்விட்டது. பிள்ளையின் கைதான் மிச்சம். அதைக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் விடியப்புறம் அவள் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள்.

அன்று தொடங்கி எங்கள் குசினியில் அவளுக்கென்று ஒரு சட்டியும் ஒரு அகப்பையும் தனியாக இருந்தன. இன்னொரு முறை எல்லாவற்றையும் விட்டு ஓடிய நாட்களில்கூட அந்த அகப்பையை மனைவி பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஓடினாள். பிள்ளை மீன் குழம்பு மணத்தை முகர்ந்துகொண்டு பருப்பும் சோறும் தின்று வளர்ந்தாள். கேட்டால், "நீ பிள்ளையாரின்ரை ஆள்" என்பேன். அவளும் தலையாட்டுவாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மாசிக் கருவாட்டுச் சம்பலை இவளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தபோது, பெட்டியைத் திறந்தபடியே வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, நான் தொடேல்லை, நீங்கள் எடுங்கோ" என்றவள் அவள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அவளின் படிப்பைப் பற்றி எனக்கு விளங்கிய அளவுக்குத்தான் எழுத முடியும். அகதி முகாமில் இருந்துகொண்டு சோதனை எழுதினாள். உயிரியல் படித்தாள். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். "டொக்டர் படிப்போ?" என்று ஊரில் கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் கேட்டவர்களின் முகம் சுருங்கியது. டொக்டருக்கு வைத்தியம் பார்க்க மருந்து வேண்டும் அல்லவா, அந்த மருந்தைத் தேடுகிற படிப்பு என்று நானாக ஒரு விளக்கம் சொல்லி வந்தேன்.

படித்து முடித்து முதலில் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நாட்டின் எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் காய்ச்சல்காரரின் தொண்டையில் எடுத்த பஞ்சுத் துண்டுகள் ஐஸ் பெட்டியில் அங்கே வரும். அதில் இன்புளுவென்சா கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்தச் சாதி என்று பார்ப்பது அவளின் வேலை. அது வருசத்துக்கு வருசம் சட்டை மாற்றுகிற கிருமியாம். போன வருசத்து ஊசி இந்த வருசத்துக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளாதாம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பெட்டி வருகிற நாளில் எனக்குப் போன் எடுப்பாள்.

"அப்பா, உங்கடை பக்கத்துச் சளி வந்திருக்கு."

"என்னடி பிள்ளை, உதுக்கோ உவ்வளவு படிச்சனி?"

"ஓம் அப்பா. இதுக்குத்தான்."

பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். பி.எச்.டி. என்கிற கலாநிதிப் பட்டத்துக்கு இன்புளுவென்சா ஊசியைப் பற்றித்தான் ஆராய்ந்தாள். கொரோனா வந்தபோது இரண்டு வருசத்துக்கு மேல் வீட்டுக்கு வர முடியவில்லை. ஊரில் எல்லோரும், "உங்கடை மகளின்ரை ஊசியோ போடுகினம்?" என்று என்னைக் கேட்டார்கள். "அது வேறை, இது வேறை" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது. வீடியோவில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு நிற்பாள். பின்னால் வெள்ளைச் சுவர். வேறு ஒன்றும் தெரியாது. என்ன செய்கிறாய் என்று கேட்டால் கிருமி வளர்க்கிறேன் என்பாள். எதில் வளர்க்கிறாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன வருசம் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. நேர்த்தியை நிறைவேற்றுகிற காலம் வந்தது என்று நான் துள்ளினேன். அந்தக் குளக்கட்டில் இப்போது சின்னக் கோயில் இருக்கிறது, ஓடு போட்டு. பூசாரியாரும் என்னைப் போல் வயல் செய்கிறவர்தான், என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர். அவரோடு கதைத்து ஒரு வெள்ளிக்கிழமை காலைக்குப் பொங்கல் என்று வைத்தேன். மகளும் லீவு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

வியாழக்கிழமை காலை, அவள் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பேச அழைத்திருந்தார்கள். எனக்கும் மனைவிக்கும் முன்வரிசையில் கதிரை. நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அதிபர் என் கழுத்தில் மாலை போட்டார். கலியாணத்துக்குப் பிறகு எனக்கு விழுந்த முதல் மாலை. மனைவி முழங்கையால் இடித்து, "கொஞ்சம் நிமிர்ந்து இருங்கோ, மாப்பிள்ளை" என்றாள்.

மகள் திரையில் படம் போட்டுப் பேசினாள். கிருமியின் படம், முள்ளு வைத்த பந்து மாதிரி. உலக வரைபடம். மூன்றாவது படத்தில் ஒரு கை. அது அவளின் கைதான். கையுறைக்கு மேலே மணிக்கட்டில் தெரிந்த தழும்பை வைத்து எனக்குத் தெரியும். அந்தக் கையில் ஒரு கோழி முட்டை. முட்டைக்குப் பின்னால் வெளிச்சம். உள்ளே சிவப்பு நரம்புகள் கிளை விட்டு ஓடின.

"இன்புளுவென்சா ஊசி மருந்தில பெரும்பகுதி இப்பவும் கோழி முட்டைக்குள்ளதான் வளருது" என்று அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். அடைக்கு வைத்துப் பத்து நாள் ஆன முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். காற்று இருக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து, சின்னத் துளை போட்டு, கிருமியை உள்ளே ஏற்றி மூட வேண்டுமாம். இரண்டு மூன்று நாளில் கிருமி பெருகிவிடும். பிறகு மேல் ஓடான கோதை வெட்டி உள்ளே இருக்கிற தண்ணீரை எடுப்பார்கள். "நான் இதுவரைக்கும் எத்தனை முட்டை தொட்டிருப்பன் எண்டு எனக்கே தெரியாது" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

சொன்ன பிறகுதான் முன்வரிசையில் நான் இருப்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அடுத்த படத்துக்கு மாறிவிட்டாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் கை எழவில்லை. மாலை கழுத்தில் கயிறு மாதிரிக் கிடந்தது. அவள் பொய் சொன்னாள் என்ற கோபம் இல்லை. எனக்குப் பயம், வெறும் பயம். ஒரு சொல்லைக் கொடுத்து அவளின் உயிரை வாங்கினேன். அந்தச் சொல் எத்தனையோ வருசத்துக்கு முதலே உடைந்துபோயிருக்கிறது, எனக்குத் தெரியாமல். தந்தவர் திருப்பிக் கேட்டால்?

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு மகள் தானாகவே என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள்.

"அப்பா, கோவமோ?"

"எத்தினை வருசம்?"

"அங்கை போன முதல் கிழமையிலை இருந்து. ஒரு தட்டு முட்டையைக் கொண்டு வந்து எனக்கு முன்னாலை வைச்சினம். அண்டைக்கு உங்களுக்குப் போன் எடுத்தனான். சொல்லத்தான் எடுத்தனான். நீங்கள் அங்கை குளிரோ எண்டு கேட்டியள். நானும் ஓம், குளிர் எண்டு வைச்சிட்டன்."

எனக்கு அந்தப் போன் நினைவில் இருக்கிறது. கம்பளிச் சட்டை போடு என்று புத்தி சொல்லிவிட்டு வைத்தேன்.

"கையுறை போட்டுத்தான் தொடுறனான் அப்பா. தோல் படாது. முட்டை கையிலை படேல்லை, றப்பரிலைதான் படுது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். ஒரு நாள் கையுறை கிழிஞ்சு, முட்டை உடைஞ்சு கை முழுக்க வடிஞ்சுது. அண்டைக்கு முழுநாளும் பட்டினி கிடந்தன். அடுத்த நாளும் வேலை இருந்துது. போனன்."

"உள்ளுக்குள்ளை குஞ்சு இருக்குமோ?"

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கும் அப்பா. சின்னதாய். அதைக் குளிரிலை வைச்சிட்டுத்தான் வெட்டுவம். நான் உங்களுக்கு மறைச்சு ஒண்டும் இனிச் சொல்லமாட்டன்."

பிறகு அவளின் ஆராய்ச்சியைச் சொன்னாள். முட்டைக்குள் வளர்கிற கிருமி, முட்டைக்கு ஏற்ற மாதிரித் தன் முகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறதாம். அந்த முகத்தை வைத்து ஊசி செய்தால், மனிதரில் வருகிற கிருமியின் முகம் வேறாக இருக்கும். ஊசி போட்டும் காய்ச்சல் வரும். கிருமி எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிப்பதும், முட்டை இல்லாமல் வளர்க்க வழி பார்ப்பதும்தான் இவளின் வேலையாம்.

எனக்கு ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. "அப்ப முட்டையை விடுறதுக்கோ பாடுபடுறாய்? நேர்த்திக்காகவோ?"

"நேர்த்திக்காக இல்லை அப்பா, ஊசி நல்லா வேலை செய்யிறதுக்காக. அதோடை, முட்டையை விடவேணும் எண்டால் முதல் நிறைய முட்டை தொடவேணும். முட்டையிலை வளர்ந்ததையும் மற்றதையும் ஒப்பிட்டால்தான் தெரியும்."

"முட்டை இல்லாட்டி எதிலை வளர்க்கிறது?"

"உயிரணுவிலை. நாயின்ரை சிறுநீரகத்திலை இருந்து எப்பவோ எடுத்து, போத்திலுக்குள்ளை வளர்த்துக்கொண்டு வாற உயிரணு."

"நாயோ!" நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏன், வைரவரின்ரை வாகனம்தானே. பிள்ளையாரும் வைரவரும் தங்களுக்குள்ளை பேசித் தீர்க்கட்டும்."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நான் இந்த வேலையை விடமாட்டன். அதையும் இப்பவே சொல்லிப்போடுறன். ஆனால் நாளைக்குப் பொங்கலுக்கு என்ரை கை வேண்டாம் எண்டால் நான் தள்ளி நிக்கிறன். அம்மா அரிசி போடட்டும். நான் கோவிக்கமாட்டன்."

அவள் அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அழவில்லை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டிய அதே முகத்தோடு இருந்தாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூசாரியாரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு முடிவு தெரியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகச் சுற்றி, சுவாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சரி. சிவப்பு என்றால் வேண்டாம். அவளின் கை பானையில் அரிசி போடலாமா என்று கேட்க நினைத்தேன்.

பூசாரியார் வயலில் இருந்து சேறும் காலுமாக வந்தார். முழுவதையும் கேட்டார்.

"முட்டைக்குள்ளையோ ஊசி மருந்து செய்யினம்? நான் போன வருசம் போட்டனான் தம்பி, மகன் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போன நேரம். அப்ப நான் முட்டையோ குடிச்சனான்?"

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. பூக்கட்டுவம்."

அவர் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்தார். செம்பரத்தையில் ஒன்றும் நந்தியாவட்டையில் ஒன்றும் பிடுங்கினார். வாழை இலையைக் கிழித்துச் சுற்றப் போனவர், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி. சிவப்பு வந்தால் என்ன செய்வாய்?"

நான் அவரின் கையில் இருந்த சிவப்புப் பூவைப் பார்த்தேன்.

"வீட்டை போய் மகளிட்டை, உன்ரை கை ஆகாது பிள்ளை எண்டு சொல்லுவியோ?"

அவரின் முகத்தைப் பார்க்காமல் வாழை இலைத் துண்டை எடுத்து மடித்தேன்.

"சொல்ல மனமில்லாத ஆள் சுவாமியிட்டைக் கேக்கக்கூடாது. கேட்டுப்போட்டுக் கேளாமல் விட்டால் அதுதான் குற்றம்." இரண்டு பூவையும் கொண்டுபோய்ப் பிள்ளையாரின் காலடியில் வெறுமனே வைத்துவிட்டு வந்தார். "நாளைக்கு வெள்ளன வாங்கோ. விறகு நான் போட்டு வைக்கிறன்."

திரும்பி வரும் வழியெல்லாம் என் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. அவள் விமானத்தில் போகும்போது, அந்த ஊரில் தனியாக இருக்கும்போது, ஏதாவது ஒன்று நடந்தால் அது என் வாயால் வந்தது. நான்தானே நேர்ந்தேன்.

வீட்டுக்கு வர விளக்கு வைக்கிற நேரம். மனைவி சுவாமிப் படத்துக்கு முன்னால் திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் முற்றத்துக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை போனனீங்கள்?" என்று மனைவி திரும்பாமலே கேட்டாள்.

சொன்னேன். பூக்கட்டாமல் வந்ததையும் சொன்னேன். அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, உதிலை இருங்கோ. பிள்ளை, நீயும் வா."

நான் இருந்தேன். மகள் கை நிறைய உடுப்போடு வந்து வாசலில் நின்றாள்.

"அந்தக் கை எப்பவோ முட்டை தொட்ட கைதான்" என்றாள் மனைவி.

எனக்கு விளங்கவில்லை.

"காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை எலும்பும் தோலுமாய்க் கிடந்ததெல்லோ. எழும்பி நிக்கவும் ஏலாது. மிட்வைஃப் வந்து பாத்திட்டு என்னைப் பேசினவா. காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பட்டினியிலைதான் சாகப்போகுது, நாளுக்கு ஒரு முட்டை எண்டாலும் குடு எண்டு. நீங்கள் கையை நேர்ந்து நாலு நாள். பக்கத்துத் தறப்பாளிலை முள்ளிவாய்க்கால் பக்கத்து அக்கா ஒருத்தி கோழி கொண்டு வந்திருந்தவா, நினைவிருக்கோ? நீங்கள் விறகுக்குப் போற நேரம் பாத்து அவாவே அவிச்சுத் தருவா. மூண்டு மாசம். இவள் தன்ரை கையாலையே கோதைத் தட்டி உரிச்சுத் தின்னுவாள். நல்ல விருப்பம்."

"நானோ?" என்றாள் மகள்.

"நீதான். இன்னொண்டு தா எண்டு அழுவாய்."

நான் சுவாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். "அப்ப பிள்ளையார்?"

"முதல் முட்டை குடுக்க முதலே அவரிட்டைப் போனனான். களவாய்ச் செய்யேல்லை. இந்த மனிசன் அவசரத்திலை பிள்ளையின்ரை கையைத் தந்துபோட்டுது, அது பிள்ளைக்குத் தெரியாமல் தந்தது, அதைத் திருப்பித் தா, அதுக்குப் பதிலாய் என்னட்டை இருந்து எடு எண்டு கேட்டனான். எனக்கு உலகத்திலை பெரிய விருப்பம் பலாப்பழம். இவள் இருக்கும் வரைக்கும் இனி நான் அதை வாயிலை வையேன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பலாப்பழம்! கலியாணம் முடித்த புதிதில் ஒரு பழத்தின் பாதியைத் தனியே தின்றுவிட்டு, என் தாயிடம் பேச்சு வாங்கியவள் அவள். பிறகு ஒரு காலத்தில் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்றாள். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? வவுனியாவுக்குப் போகும் போதெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அவளுக்கு முன்னால் இருந்து சுளை சுளையாகத் தின்றேன். "இந்த வன்னியிலை பலாப்பழம் வேண்டாமெண்ட ஒரே ஆள் நீர்தான்" என்று பகிடி வேறு. அவள் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு எனக்குச் சுளை எடுத்துத் தருவாள். பால் ஒட்டிய விரலைத் துணியில் துடைப்பாள். ஒரு தரமாவது நக்கிப் பார்த்ததில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அதுக்கு மேலை நீங்கள் இன்னொரு நேர்த்தி வைச்சிருப்பியள்."

மகள் உடுப்பை எல்லாம் கதிரையில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அப்ப நான் இவ்வளவு காலமும் ஹொஸ்டலிலை பருப்பும் சோறும் திண்டது என்னத்துக்கு? அண்டைக்கு முழுநாளும் பட்டினி கிடந்தது என்னத்துக்கு?"

"அது உன்ரை அப்பாவின்ரை நிம்மதிக்கு. மரக்கறி உடம்புக்கு நல்லதுதானே. கெட்டோ போனாய்?"

"எனக்கு முட்டை விருப்பமெண்டு இப்பதான் தெரியுது!"

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது எப்படியோ அழுகையாக மாறிப்போனது. இரண்டு பேரும் பயந்துபோய் என் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினேன். உண்மையில் ஒன்றும் இல்லைதான். காலையிலிருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்த கல் அங்கே இல்லை. என்னுடைய சொல் உடைந்து கிடக்கவில்லை. அதை வேறு ஒருத்தி தன் நாக்கால் தாங்கிப் பிடித்துக்கொண்டு இவ்வளவு காலமும் எனக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். பிள்ளையாரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். இல்லாவிட்டால் அந்தத் தறப்பாளுக்குள் கிடந்த பிள்ளை, அத்தனை ஓட்டத்துக்கும் தப்பி, இப்படி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தாயோடு சண்டைக்கு நிற்குமா?

வெள்ளி காலை ஓட்டோ பிடித்துப் போனோம். பூசாரியார் சொன்னபடி விறகு போட்டு, கல் வைத்து, அடுப்பு மூட்டி வைத்திருந்தார். புதுப்பானையில் பால் பொங்கி வர, மகளைக் கூப்பிட்டேன். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அரிசியை அள்ளினாள். அள்ளிய கையைப் பானைக்கு மேல் மூன்று தரம் சுற்றி உள்ளே போட்டாள். கழுவிக் கழுவித் தோல் வெடித்த விரல்கள். ஊசி பிடித்துப் பிடித்து நடுவிரலில் ஒரு காய்ப்பு. என் உள்ளங்கையில் மண்வெட்டிக் காய்ப்பு இருக்கிற மாதிரி. இத்தனை நாளும் மச்சம் தொட்டதோ தொடாததோ என்று மட்டும்தான் அந்தக் கையைப் பற்றி எனக்குக் கவலை. அது என்ன வேலை செய்கிற கை என்று அன்றுதான் பார்த்தேன்.

பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது.

பூசாரியார் என் காதடியில் வந்து, "என்ன தம்பி, பூ கேக்கேல்லையோ?" என்றார்.

"வீட்டிலையே பதில் வந்திட்டுது அண்ணை."

"அதுவும் வெள்ளையோ?"

"பலாச்சுளை நிறம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்பால் போனாள்.

மகள் போவதற்கு முன் இன்னொரு வேலை வைத்திருந்தாள். தாய்க்கு மாரியில் மூச்சு இழுக்கிற தொய்வு வரும், எனக்கும் வயது போய்விட்டது, இரண்டு பேரும் இன்புளுவென்சா ஊசி போட்டே ஆக வேண்டும் என்றாள். கிளிநொச்சியில் ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் சொல்லி எடுப்பித்திருந்தாள். புதன்கிழமை போனோம். மனைவி முதலில் போட்டுக்கொண்டு, எறும்பு கடித்த மாதிரி என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தாள்.

என் முறை வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு மகளைப் பார்த்துக் கேட்டேன். "பிள்ளை, உண்மையைச் சொல்லு. இது எதிலை செய்தது?"

"முட்டையிலைதான் அப்பா. மற்றது இங்கை இன்னும் வரேல்லை." என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். "வேண்டாமெண்டால் விடுவம்."

"நீ செய்ததோ?"

"இல்லை அப்பா. என்னை மாதிரி ஆரோ ஒராள் செய்தது."

அந்த யாரோ ஒராளுக்கும் எங்கேயோ ஒரு தகப்பன் இருப்பான். அவன் தன் பிள்ளைக்காக எந்தச் சாமியிடம் எதை நேர்ந்தானோ. அப்படி ஒரு நினைவு வந்தது.

"நேர்ந்தது உன்ரை கையைத்தானே, அதையும் அம்மா மீட்டுப்போட்டா. என்ரை கை சும்மா கை. போடச் சொல்லு" என்றேன்.

தாதி பஞ்சால் துடைத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பிள்ளையாரே" என்றேன்.

"போட்டு முடிஞ்சுது அப்பா" என்றாள் மகள். "கண்ணைத் திறவுங்கோ."